ஆங்கிலேயப் பாட்டிமார் சொன்ன கதைகள்

பள்ளி நூல்நிலையத்திலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் புத்தகங்களுள், அதிகமாகக் கைபட்டு, அட்டை கிழிந்து, பசைபோட்டு ஒட்டப்பட்டுத் திரும்பி வருவன எவை தெரியுமா? ஜாக்கும் அவரைக்கொடியும், மூன்று கரடிகள், மூன்று பன்றிக்குட்டிகள் போன்ற ஆங்கிலக் கதைப் புத்தகங்கள்தாம். இதைக் கண்டு சில பெற்றோர் மனம் வருந்துவதுண்டு. "துரைமார் கதையெல்லாம் நம்ம பிள்ளைக்கு எதுக்குங்க, வாத்தியாரையா? நம்மகிட்ட கதை இல்லையா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லும் முகமாகவே இன்றைய பேச்சை அமைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவற்றைத் துரைமார் கதைகள் என்பது பொருந்தாது. துரைமார் வீட்டுச் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கியவளும், அவர்கள் குழந்தைக்குத் தொட்டிலாட்டிய தாதியும், அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவனும் சொன்ன கதைகள் இவை. இப்படிப்பட்ட கதைகள் தம் நாட்டில் இருக்கின்றன என்பதே படித்த ஆங்கிலேயர் பலருக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். ஆங்கிலத் தேவதைக் கதை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? சிண்டரெல்லா, சிவப்பு முக்காட்டுச் சிறுமி, உறங்கும் அழகி, பனிவெள்ளை இளவரசி. நாம் படிக்கின்ற வடிவத்தில் இவற்றுள் ஒன்றுகூட இங்கிலாந்துக் கதையன்று. முதல் மூன்றும் பிரான்சு நாட்டில் சார்ல்ஸ் பெரோ என்பவர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து வந்தவை. 1729ஆம் ஆண்டில் இராபர்ட் சாம்பர் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பனிவெள்ளை இளவரசி ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தொகுப்பைச் சேர்ந்தவள். அத்தொகுப்பிலிருந்து தெரிந்தெடுத்த கதைகள் 1823ஆம் ஆண்டில் எட்கர் டெய்லரின் மொழிபெயர்ப்பாக இலண்டனில் வெளிவந்தன. அதன்பின் 1846ஆம் ஆண்டு வாக்கில் டென்மார்க்கிலிருந்து ஆண்டர்சன் கதைகளும் வந்து சேர்ந்தன. 'தேவதைக் கதை' என்ற பெயரே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் சொந்தக் கதைகளில் தேவதைகள் தலைகாட்டுவது மிகவும் அரிது. அரக்கன் வருவான், பேசும் பூனை வரும், குட்டிச்சாத்தான் வரும். சிறகு முளைத்த தேவதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இறக்குமதியான கதைகள் அழகான படங்களோடு கடையில் விற்கப்பட்டன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் படித்து வளர்ந்தார்கள். வளர்ந்து பெரியவர்களானதும், 'பிரெஞ்சுக்காரனுக்குக் கதை உண்டு, ஜெர்மானியனுக்குக் கதை உண்டு, நமக்குத்தான் இல்லை' என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணத்தை 1890ஆம் ஆண்டில் ஒருவர் உடைத்தார். அவர் பெயர் ஜோசப் ஜேக்கப்ஸ்.

ஜேக்கப்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்லர். 1854ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்த யூதர். கேம்பிரிட்ஜில் கல்வி கற்று, இலண்டனில் தங்கி எழுதிப் பிழைத்தவர். 'ஆங்கிலத் தேவதைக் கதைகள்' என்று அவர் வெளியிட்ட நூலில் 43 கதைகள் இருந்தன. இந்த நாட்டில் 140 கதைகள் வரையில் தமக்குத் தடயம் கிடைத்திருப்பதாக அவர் முன்னுரையில் எழுதினார். இவ்வளவு காலமும் அவை வெளிச்சத்துக்கு வராமல் போனதற்கு அவர் சொன்ன காரணம் நாம் கவனிக்க வேண்டியது. ஆளுகிறவர்களும் எழுதுகிறவர்களும் ஒரு பக்கம். உழைக்கிறவர்கள் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே பெரும் பள்ளம். உழைக்கும் மக்கள் வெளியாரிடம் ஊமைகள். தமக்குள் பேசும்போதோ சொல்வளம் மிக்கவர்கள். இதுதான் அவர் கருத்து. துரையின் எதிரில் கைகட்டி நின்று, "சரிங்க துரை" என்ற இரண்டே சொற்களோடு திரும்பி வந்து, பொழுது சாய்ந்ததும் வீட்டு வாசலில் உட்கார்ந்து விடிய விடிய அல்லியரசாணி கதை சொன்ன தாத்தாமாரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி, அந்தப் பள்ளத்தின் மறுகரையில் கதைகள் எப்படி உயிரோடு இருந்தன என்று காண்போம். எழுதி வைக்கப்படாவிட்டாலும், அங்கும் இங்குமாகச் சில அடையாளங்கள் இருக்கின்றன. 1584ஆம் ஆண்டில் இரெஜினால்டு ஸ்காட் என்பவர் சூனியத்தைப் பற்றி எழுதிய நூலில், வீட்டு வேலைக்காரிகள் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் பேய் பூதங்களை வரிசையாகக் குறிப்பிடுகிறார். அந்த வரிசையில் கட்டைவிரல் உயரமுள்ள டாம் தம் இருக்கிறான். 1595ஆம் ஆண்டில் அச்சான ஜார்ஜ் பீல் என்பவரின் நாடகத்தில், ஒரு கிழவி இரவில் வழிதவறி வந்தவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்குகிறாள். சொல்லச் சொல்லக் கதைமாந்தர் மேடையில் வந்து நிற்கிறார்கள். அரக்கன் மனித வாடை கண்டு உறுமுகின்ற உறுமலை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்களே, அது எங்கிருந்து வந்தது என்று நாள் முழுக்க ஆராய்ச்சி செய்யும் பண்டிதரைத் தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர் 1596ஆம் ஆண்டிலேயே கேலி செய்திருக்கிறார்! பத்தாண்டு கழித்து ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்திலும் அந்த உறுமல் ஒலிக்கிறது. நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

பிறகு மலிவுப் புத்தகங்கள் வந்தன. ஒரே ஒரு தாளை மடித்து, பெரும்பாலும் 24 பக்கமாக்கி, மரக்கட்டையில் செதுக்கிய படம் ஒன்றிரண்டு சேர்த்து ஒரு பென்னிக்கு விற்பார்கள். ஊசி, நூல், நாடா விற்கும் தலைச்சுமை வியாபாரி இவற்றையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றான். நம்மவர்களின் 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை ஆகியவற்றை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இன்று நமக்குக் கிடைத்துள்ள அச்சிட்ட ஆங்கிலத் தேவதைக் கதைகளுள் மிகப் பழையது 1621ஆம் ஆண்டின் டாம் தம் கதை. அதில் ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கிறது. ஏழைகளின் புத்தகங்கள் அப்படித்தான். படித்துப் படித்தே கிழிந்து போகும். கடற்படை அதிகாரியாக இருந்த சாமுவேல் பெப்பிஸ் என்ற நாட்குறிப்பாளர் விளையாட்டாக இந்த ஒரு பென்னிப் புத்தகங்களை வாங்கிக் கட்டி வைத்தார். அவருடைய நூலகம் கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரியில் இருப்பதால் அவற்றை இன்றும் பார்க்க முடிகிறது.

இந்தப் புத்தகங்களில் வலம் வந்த ஒரு கதையைச் சற்று நின்று பார்ப்போம். டிக் விட்டிங்டன் என்ற அநாதைச் சிறுவன் இலண்டனுக்கு வருகிறான். ஒரு வியாபாரி வீட்டுச் சமையற்கட்டில் எடுபிடி வேலை. சமையற்காரி கையில் அகப்பட்டதால் அடிக்கிறாள். அவனுக்கிருந்த ஒரே சொத்து ஒரு பூனை. முதலாளியின் கப்பல் புறப்படும்போது அந்தப் பூனையைச் சரக்காக அனுப்புகிறான். பிறகு அடி தாங்காமல் ஓடிப்போகிறவனை, இலண்டன் மாதா கோயில் மணியோசை, மேயர் ஆவாய் என்று சொல்லித் திரும்பி வரச் செய்கிறது. கடல் கடந்த நாட்டிலோ எலித்தொல்லையால் துன்புறும் அரசன் பூனைக்குக் கப்பல் நிறையப் பொன் கொடுக்கிறான். பையன் செல்வனாகி மும்முறை மேயர் ஆகிறான்.

விட்டிங்டன் உண்மையாகவே வாழ்ந்தவர். இலண்டன் மேயராக மும்முறை அல்ல, நான்கு முறை இருந்தவர். முதல் முறை 1397ஆம் ஆண்டில். கடைசி முறை 1419ஆம் ஆண்டில். 1423ஆம் ஆண்டில் பிள்ளையில்லாமல் இறந்தபோது சொத்தையெல்லாம் அறக்காரியங்களுக்கு விட்டுச் சென்றார். ஆனால் அவர் அநாதையும் அல்லர், ஏழையும் அல்லர். குளோஸ்டர்ஷயரில் நிலபுலமுள்ள ஒரு பிரபுவின் மகன். பட்டும் உயர்ந்த துணியும் விற்ற பெருவணிகர். பூனை? அவர் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு சென்று, 1605ஆம் ஆண்டு வாக்கில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. பூனையை விற்றுச் செல்வனாகும் கதை வேறு நாடுகளிலும் உண்டு. எங்கேயோ கேட்ட அந்தக் கதையை ஏழை மக்கள் அவர்மேல் ஏற்றி, செல்வர் வீட்டுப் பிள்ளையைத் தங்கள் சமையற்கட்டுக்கு இழுத்து வந்து, சாம்பல் அள்ளச் செய்து, அடிவாங்க வைத்து, அதன்பிறகுதான் மேயர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வரலாற்று ஆசிரியர் இதைப் பொய் என்பார். எனக்கோ, அக்காலத்து வேலைக்காரச் சிறுவர்களைப் பற்றி இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றே தோன்றுகிறது.

கதைகளுக்கு எதிரிகளும் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம்மைப் போன்ற வாத்தியார்கள்! சாரா டிரிம்மர் என்ற அம்மையார் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர். 1802 முதல் 1806 வரை அவர் நடத்திய இதழில் சிண்டரெல்லா போன்ற கதைகளைக் கண்டித்தார். பொறாமை, சிற்றன்னை மீது வெறுப்பு, ஆடை அணிகலனில் ஆசை முதலியவற்றை அவை வளர்க்கும் என்றார். அதே 1802ஆம் ஆண்டில் சார்ல்ஸ் லாம் என்ற எழுத்தாளர் தம் நண்பர் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில், கடையில் பழைய கதைப் புத்தகம் கிடைப்பதே அரிதாகிவிட்டது, எங்கே பார்த்தாலும் அறிவு புகட்டும் புத்தகங்களே நிறைந்திருக்கின்றன என்று மனம் நொந்து எழுதினார்.

ஜாக்கின் கதையும் இந்த அறவோர் கையில் அகப்பட்டது. ஜாக் அரக்கன் வீட்டிலிருந்து பொன்மூட்டையையும், பொன்முட்டைக் கோழியையும், தானே பாடும் யாழையும் எடுத்து வருகிறான் அல்லவா? இது திருட்டாயிற்றே! 1807ஆம் ஆண்டில் பெஞ்சமின் டாபார்ட் இக்கதையை வெளியிட்டபோது இடையில் ஒரு தேவதை வருகிறாள். அந்த அரக்கன் ஜாக்கின் தந்தையைக் கொன்று சொத்தைப் பறித்தவன், ஆகவே இவையெல்லாம் உன் பொருளே என்று அவள் ஜாக்கிடம் நீளமாகப் பேசுகிறாள். ஜேக்கப்ஸ் தம் நூலில் இந்தத் தேவதையை நீக்கிவிட்டார். தாம் கேட்ட கதையில் அவள் இல்லை என்றார். தேவதை வந்து சொல்லாவிட்டால் பிள்ளைகள் திருடர்களாகிவிடுவார்கள் என்று தாம் அஞ்சவில்லை என்ற பொருள்படவும் எழுதினார். பால் வற்றிய பசு ஒன்றைத் தவிர வேறு கதியில்லாத விதவைத்தாய், அதை விற்கப் போன மகன் ஐந்து அவரை விதையோடு திரும்பி வந்த மாலை, சாப்பாடில்லாமல் படுத்த இரவு ஆகியவற்றைக் கேட்ட பிள்ளைக்கு ஜாக்கின் பக்கம் நியாயம் இருப்பது தானே தெரியும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஜார்ஜ் குருக்ஷாங் என்பவர் புகழ்பெற்ற ஓவியர். 1823ஆம் ஆண்டுக் கிரிம் நூலுக்குப் படம் வரைந்தவர். பிற்காலத்தில் மதுவை அடியோடு விட்டுத் தீவிர மதுவிலக்குப் பிரசாரகர் ஆனார். 1853ஆம் ஆண்டு முதல் தேவதைக் கதைகளையே திருத்தி, சிண்டரெல்லாவின் திருமணத்தில்கூடக் குடியின் கேட்டைப் பற்றிச் சொற்பொழிவு வைத்துவிட்டார்! அவருடைய பழைய நண்பர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் பொறுக்கவில்லை. தம் இதழில் அதே 1853ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதி, கதைகளைக் கதைகளாக விட்டுவிடுங்கள் என்று கண்டித்தார். மறு ஆண்டு எழுதிய 'கடினமான காலங்கள்' என்ற நாவலில், பிள்ளைகளுக்குக் கணக்கும் விவரமும் தவிர வேறெதுவும் கூடாது என்னும் பள்ளித் தலைவர் ஒருவரையே படைத்துக் காட்டினார். கள் செய்த கேடு தோட்டத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாததன்று. ஆனாலும் இந்த வழக்கில் நான் டிக்கன்ஸ் பக்கம்.

மூன்று கரடிகள் கதை எப்படியெல்லாம் உருமாறியது என்பதும் சுவையானது. 1837ஆம் ஆண்டில் அரசவைக் கவிஞர் இராபர்ட் சதே இதை அச்சிட்டார். அதில் பொன்முடிச் சிறுமி கிடையாது. கரடிகள் இல்லாத நேரத்தில் வீட்டில் புகுந்து, கஞ்சியைக் குடித்து, நாற்காலியை உடைத்து, படுக்கையில் உறங்குபவள் ஒரு பொல்லாத கிழவி. கரடிகளும் அப்பா, அம்மா, குட்டி அல்ல. பெரியது, நடுத்தரம், சிறியது என்ற மூன்று கரடிகள், அவ்வளவே. எலினர் மியூர் என்ற பெண்மணி 1831ஆம் ஆண்டிலேயே தம் மருமகப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இக்கதையைக் கையால் எழுதிப் படம் தீட்டிக் கொடுத்திருந்தார் என்பது 1951ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. அவர் எழுதியதிலும் கிழவிதான். கரடிகள் அவளைச் சும்மா விடாமல் இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் கோபுர முனையில் எறிந்துவிடுகின்றன! 1850ஆம் ஆண்டு வாக்கில் ஜோசப் கண்டல் என்ற பதிப்பாளர், கிழவிகளைப் பற்றிய கதைகள் ஏற்கெனவே மிகுதி என்று சொல்லி, கிழவியை நீக்கி வெள்ளிமுடிச் சிறுமியை நுழைத்தார். முடி வெள்ளியிலிருந்து பொன்னாகி, இன்று நாம் அறிந்த பெயர் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஜேக்கப்ஸ் 1894ஆம் ஆண்டில் தம் இரண்டாம் தொகுதியை வெளியிட்டபோது, வாய்மொழியாகக் கிடைத்த வேறொரு கதையைச் சேர்த்தார். அதில் கரடிகளின் கோட்டைக்குள் புகுவது ஒரு நரி. ஆங்கிலத்தில் பெண்நரியைக் குறிக்கும் 'விக்சன்' என்ற சொல் வாயாடிக் கிழவியையும் குறிக்கும். யாரோ பெண்நரி என்று சொன்னதைக் கேட்டவர் கிழவி என்று புரிந்துகொண்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். ஊகந்தான், ஆனாலும் நரி கிழவியாகி, கிழவி சிறுமியான வழியை எண்ணிப் பார்த்தால், வாய்மொழிக் கதைக்கு ஒரே உருவம் என்பது இல்லை என்று விளங்கும்.

மூன்று பன்றிக்குட்டிகள் கதையும் மாற்றப்பட்டதுதான். வைக்கோல் வீட்டுப் பன்றியும் சுள்ளி வீட்டுப் பன்றியும் தப்பியோடி அண்ணன் வீட்டில் புகுந்துகொள்வதாக நம் பிள்ளைகள் நம்புகிறார்கள் அல்லவா? அது 1933ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி எடுத்த படம் பரப்பிய முடிவு. ஜேக்கப்ஸ் தொகுத்த கதையில் ஓநாய் இரண்டையும் தின்றுவிடுகிறது. கடைசியில் கொதிக்கும் தண்ணீரில் விழுந்த ஓநாயை மூன்றாம் பன்றி சமைத்துச் சாப்பிடுகிறது. வகுப்பில் இந்தப் பழைய முடிவைப் படித்தேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று எண்ணினேன், கைதட்டினார்கள்.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் ஊர்தோறும் பள்ளிகள் வரத் தொடங்கின. 1880ஆம் ஆண்டில் கல்வி கட்டாயமாயிற்று. பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள், பத்திரிகை வந்தது, இரயில் வந்தது, இளையோர் பட்டணத்து ஆலைகளுக்குச் சென்றார்கள். அடுப்போரத்துக் கிழவிகளின் கதையைக் கேட்க ஆள் குறைந்தது. அந்த வேளையில், 1878ஆம் ஆண்டில், இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. இலண்டனில் நாட்டார் வழக்காற்றைத் திரட்டுவதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் சஃபோக் மாவட்டத்தில் இப்ஸ்விச் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு பெண்மணி தாம் சிறுவயதில் கேட்ட கதையை, அந்த வட்டாரப் பேச்சுநடையிலேயே எழுதி அனுப்பினார். அதுதான் டாம் டிட் டாட்.

ஒரு தாய் ஐந்து 'பை' சுட்டு வைக்கிறாள். நாம் கையில் தூக்குகின்ற பை அன்று. மாவுக்குள் பழமோ இறைச்சியோ பொதிந்து சுடும் பலகாரம். மேல்தோடு கெட்டியாகிப் போகிறது. மகள் பசி தாளாமல் ஐந்தையும் தின்றுவிடுகிறாள். தாய் வாசலில் நூல் நூற்றுக்கொண்டே, என் மகள் இன்று ஐந்து பை தின்றாள் என்று புலம்பிப் பாடுகிறாள். தெருவழியே வந்த அரசன் என்ன பாட்டு என்று கேட்டதும், வெட்கப்பட்டு, என் மகள் இன்று ஐந்து சிட்டம் நூல் நூற்றாள் என்று மாற்றிப் பாடிவிடுகிறாள். அரசன் அவளை மணக்கிறான். ஆண்டில் 11 மாதம் சுகவாழ்வு. கடைசி மாதம் நாளொன்றுக்கு ஐந்து சிட்டம் நூற்க வேண்டும், இல்லையேல் தலை போகும் என்பது நிபந்தனை. அப்போது வாலைச் சுழற்றிக்கொண்டு ஒரு கரிய குட்டிச்சாத்தான் வந்து நூற்றுத் தருகிறது. மாதம் முடிவதற்குள் தன் பெயரைக் கண்டுபிடிக்காவிட்டால் அவள் தனக்கே சொந்தம் என்கிறது. கடைசியில் அரசனே, வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு சுண்ணாம்புக் குழியில் கேட்ட பாட்டை வேடிக்கையாகச் சொல்லப் பெயர் வெளிப்படுகிறது.

ஜெர்மானியர் கதையில் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று தந்தை பெருமையடிப்பான். ஆங்கிலக் கதையில் பெருமையே கிடையாது. பசி, அதை மறைக்க ஒரு சின்னப் பொய், அதனால் வந்த வேலைப்பளு. எட்வர்டு கிளாட் என்ற அறிஞர் இந்த ஒரே கதையை வைத்து, பெயருக்குச் சக்தி உண்டு என்ற பழைய நம்பிக்கையைப் பற்றி 1898ஆம் ஆண்டில் ஒரு முழு நூல் எழுதினார். கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் அவருக்கு இன்னும் ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கும்.

அதே பத்திரிகைக்கு அதே பெண்மணி அனுப்பிய இன்னொரு கதை, ஒரு வயதான வேலைக்காரி அவருக்குச் சொன்னது. இதைக் கோரைமுக்காட்டுக்காரி என்று தமிழில் சொல்லலாம். ஒரு செல்வன் தன் மூன்று பெண்களிடம், என்மேல் எவ்வளவு அன்பு என்று கேட்கிறான். மூத்தவள் உயிரளவு என்கிறாள். அடுத்தவள் உலகளவு என்கிறாள். கடைசிப் பெண், இறைச்சிக்கு உப்பின் மேல் எவ்வளவு அன்போ அவ்வளவு என்கிறாள். தந்தை கோபங்கொண்டு துரத்திவிடுகிறான். அவள் கோரைப்புல்லால் முக்காடு பின்னி, பட்டாடையை மறைத்து, வேறொரு வீட்டில் கூலியில்லாமல் பாத்திரம் துலக்குகிறாள். பிறகு அவ்வீட்டு மகனையே மணக்கிறாள். விருந்துக்குத் தந்தை வருகிறான். எந்தப் பதார்த்தத்திலும் உப்புப் போடாதே என்று சமையற்காரியிடம் சொல்லி வைக்கிறாள். ஒரு வாய் உண்ட தந்தை கண்ணீர்விட்டு அழுகிறான். மகள் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியுடைய நமக்கு இக்கதை அந்நியமாகவா இருக்கும்? நான் ஐந்தாம் வகுப்பில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "சார், இது எங்க பாட்டி சொல்ற கதை. நீங்க எப்படி இங்கிலீஷ்ல படிக்கிறீங்க?" என்றாள். பாட்டியின் கதையில் தந்தை ராஜா. மகளுக்குக் கிடைத்தது கோரைப்புல் முக்காடு அன்று, காட்டுவாசம். உப்பு மட்டும் மாறவில்லை. 1880ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த மெய்வ் ஸ்டோக்ஸ் தொகுத்த இந்தியக் கதைகளிலும் இந்த உப்புக்கதை உண்டு. மெய்வ் ஸ்டோக்ஸ் அப்போது சிறுமி. அந்த நூலில் உள்ள கதைகளை அவளுக்குச் சொன்னவர்கள் இந்தியாவில் அவள் வீட்டில் வேலை செய்த ஆயாமாரும் வேலைக்காரரும். சஃபோக்கிலும் வேலைக்காரி, இந்தியாவிலும் வேலைக்காரி. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதை நாடகம் படித்தவர்கள் கண்டுகொள்வார்கள்.

தோட்டக் குடும்பங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று நான் எண்ணும் கதை இன்னொன்று உண்டு. அக்காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் பிடிக்கும் சந்தை கூடும். ஆட்டிடையன் ஒரு பிடி கம்பளி மயிரையும், வீட்டு வேலைக்காரி தரைதுடைக்கும் துடைப்பத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். எசமானர்கள் வந்து ஏற இறங்கப் பார்த்துப் பேரம் பேசி, அச்சாரம் கொடுத்து, ஓராண்டுக்கு அழைத்துப் போவார்கள். கங்காணி காலத்தை நினைவூட்டுகிறதல்லவா? அப்படிப்பட்ட சந்தையில் ஒரு பெண்ணை ஒரு விசித்திரமான கிழவர் பிடித்துச் செல்கிறார். வீட்டுக்குப் போனதும், இங்கே எல்லாவற்றுக்கும் என் பெயர்கள்தாம் என்று பாடம் நடத்துகிறார். அவரை வெறுமனே ஐயா என்று அழைக்கக்கூடாது. எசமானர்க்கெல்லாம் எசமான் என்றே அழைக்க வேண்டும். கட்டிலுக்கு ஒரு பெயர், காற்சட்டைக்கு ஒரு பெயர், பூனைக்கு, நெருப்புக்கு, தண்ணீருக்கு, வீட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர். அன்றிரவே பூனையின் வாலில் தீப்பற்றுகிறது. அந்தப் பெண் எசமானை எழுப்பி, அவர் கற்பித்த பெயர்களில் ஒன்றுகூட விடாமல் முழு விவரமும் சொல்லி முடிக்கிறாள். கதை அந்த வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. வீடு என்ன ஆயிற்று என்று கதை சொல்வதில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. துரைமார் வைத்த பெயர்களையெல்லாம் நாக்கைச் சுழற்றிக் கற்றுக்கொண்ட குடும்பத்தில் இதைப் படித்தால் சிரிப்பு எங்கே வெடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இக்கதைகளை எப்படிப் படிப்பது? வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு நல்ல தாதிக் கிழவி பேசுவது போல எழுத முயன்றதாக ஜேக்கப்ஸே கூறியிருக்கிறார். அதற்காக வட்டார மொழியைச் சற்று மாற்றினார், சில இடங்களைத் திருத்தினார் என்று அறிஞர்கள் அவர்மேல் குறை சொன்னதுண்டு. அவர் ஊர் ஊராகச் சென்று கதை திரட்டியவரும் அல்லர். பெரும்பாலும் பத்திரிகைகளிலும் பழைய மலிவுப் புத்தகங்களிலும் தேடியெடுத்தார். ஆராய்ச்சிக்கு வேண்டுவோர் கேதரின் பிரிக்ஸ் அம்மையார் 1970, 1971ஆம் ஆண்டுகளில் நான்கு பெரும் பகுதிகளாக வெளியிட்ட பிரிட்டிஷ் நாட்டார் கதை அகராதியை நாடலாம். பிள்ளைகளுக்கு ஜேக்கப்ஸ் போதும். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பிள்ளைகளையும் சேர்ந்து சொல்ல விடுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளை படித்துத் தமிழில் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். சொல்லும்போது அவன் ஏதாவது மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். நரி கிழவியானது அப்படித்தான்.

ஜேக்கப்ஸ் 1892ஆம் ஆண்டில் இந்தியக் கதைகளையும் தனி நூலாக வெளியிட்டார். சோதிடன் மகன் என்று அதில் ஒரு கதை இருக்கிறது. கிணற்றில் விழுந்த புலியையும் பாம்பையும் எலியையும் காப்பாற்றியவனுக்கு அவை நன்றி பாராட்டுகின்றன. அதே கிணற்றிலிருந்து அவன் தூக்கிவிட்ட தட்டான் அவனைக் காட்டிக் கொடுக்கிறான். தென்னிந்தியக் கதைகளைத் திரட்டிய பண்டித நடேச சாஸ்திரியின் தொகுப்பிலிருந்து வந்தது அக்கதை. ஆகவே, அந்தப் புத்தக வரிசையில் நம் பாட்டிமாருக்கும் ஓர் இடம் உண்டு.

அவரவரைக்கொடிக் கதைக்கே திரும்புகிறேன். 2016ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள், அரக்கன் பொருளைச் சிறுவன் கவர்ந்து வரும் இக்கதைக்கு 5,000 ஆண்டுக்கு மேற்பட்ட பழமை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஒப்பவில்லை. ஆனால் நம் பள்ளி நூல்நிலையத்துப் புத்தகம் வரை அது வந்து சேர்ந்த வழியில் ஒரு கண்ணி மட்டும் உறுதியாகத் தெரிகிறது. ஜேக்கப்ஸ் தம் நூலின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கதைக்கும் மூலம் குறித்திருக்கிறார். பெரியவர்களுக்கான அந்தப் பகுதியைப் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று வேடிக்கையாக ஓர் அறிவிப்பும் படமும் அதற்குமுன் உண்டு! அதைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், ஜாக்கின் கதைக்கு எந்தப் பத்திரிகையின் பெயரும் எந்த நூலின் பெயரும் இல்லை. 1860ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலியாவில் தமக்குச் சொல்லப்பட்டபடியே தருவதாக எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஆறு. கப்பலேறிக் கடல் கடந்து வந்த யாரோ ஒருவர் சிட்னியில் ஓர் இரவில் அந்தச் சிறுவனுக்குச் சொன்னார். அவன் அதை 30 ஆண்டு மறக்காமல் வைத்திருந்தான்.